2147483647: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு கேமில் காசு சேர்த்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் ஏறாமல் நின்றுவிடுகிறது. ஒரு டேட்டாபேஸில் எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே போன் நம்பர் பதிவாகியிருக்கிறது. 2038இல் கணினிக் கடிகாரங்கள் குழம்பும் என்கிறார்கள். மூன்றிலும் தலைகாட்டுவது 2147483647தான். இதே எண் கணிதக்காரர்களுக்கு 1772இலிருந்தே நல்ல பழக்கம், ஆனால் காரணம் வேறு. இணையத்தில் பலரும் இந்த இரண்டு கதைகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிடுகிறார்கள். எது அது பகா எண்ணாக இருப்பதால் வந்த பெருமை, எது பிட் கணக்கால் (பிட் என்பது கணினி 0 அல்லது 1ஐ வைக்கும் ஓரிடம்) வந்த வினை என்று பிரித்துப் பார்க்கலாம்.

இந்த எண்ணை எப்படிப் படிப்பது?

இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு இலட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு. நம்மூர் வழக்கப்படி கமா போட்டால் 2,14,74,83,647. வினாடிகளாக எண்ணினால் 24,855 நாள், 3 மணி, 14 நிமிடம், 7 வினாடி, அதாவது சுமார் 68 ஆண்டுகள். இந்த 68 ஆண்டுக் கணக்கு பின்னால் தேவைப்படும்.

ஏன் இவ்வளவு ஒழுங்கில்லாமல் இருக்கிறது? எங்கிருந்து வந்த எண் இது?

பத்தடிமானத்தில் எழுதுவதால்தான் அப்படித் தெரிகிறது. 1இல் தொடங்கி 31 முறை இரட்டித்துக்கொண்டே போனால் 2147483648 கிடைக்கும். அதில் ஒன்றைக் கழித்தால் நம் எண். சுருக்கமாக, 2³¹ − 1. இருமத்தில் (0, 1 மட்டும் கொண்ட முறையில்) எழுதினால் வரிசையாக 31 ஒன்றுகள், வேறெதுவும் இல்லை. எட்டடிமானத்தில் ஒரு 1, அதன் பிறகு பத்து 7. பதினாறடிமானத்தில் ஒரு 7, அதை அடுத்து ஏழு எஃப் (அங்கே 15ஐக் குறிக்கும் இலக்கம்). புரோகிராம் எழுதுபவர்கள் மனப்பாடமாக வைத்திருப்பது இந்தக் கடைசி வடிவத்தைத்தான்.

இது பகா எண்ணா?

ஆம். 1, தன்னைத் தவிர வேறு எந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாது. 2இன் ஏதோ ஒரு அடுக்கில் ஒன்றைக் கழித்துக் கிடைக்கும் பகா எண்களுக்கு மெர்சென் பகா எண்கள் என்று பெயர். 3, 7, 31, 127, 8191, 131071, 524287 ஆகிய ஏழுக்கும் பிறகு எட்டாவதாக வருவது 2147483647. ஏழாவதற்கும் எட்டாவதற்கும் நடுவில் எவ்வளவு பெரிய தாவல் என்று பாருங்கள்.

2இன் அடுக்கு பகா எண்ணாக இருந்தால் போதாதா? 31 பகா எண், அதனால் 2³¹ − 1உம் பகா எண் என்று சொல்லிவிடலாமே?

முடியாது. பலரும் வழுக்கி விழுந்த இடம் இது. அடுக்கு பகு எண்ணாக இருந்தால் விடையும் பகு எண்தான், அது உறுதி. ஆனால் அடுக்கு பகா எண்ணாக இருப்பது மட்டும் போதாது. 2¹¹ − 1 = 2047, அது 23 × 89. 2²³ − 1 = 8388607, அது 47 × 178481. நம் எண்ணுக்கு இடப்பக்கத்து வீட்டுக்காரரான 2²⁹ − 1 = 536870911 மூன்றாக உடைகிறது: 233 × 1103 × 2089. வலப்பக்கத்தில் 2³⁷ − 1, அதை 223 வகுக்கும். இரண்டு பக்கமும் உடைய, நடுவில் இது மட்டும் உடையாமல் நிற்கிறது.

முதலில் கண்டுபிடித்தது யார்?

சொன்னவர் வேறு, நிரூபித்தவர் வேறு. இத்தாலியின் பொலோன்யாவைச் சேர்ந்த கத்தால்தி 2¹⁷ − 1, 2¹⁹ − 1 இரண்டும் பகா எண்கள் என்று 1588இல் கைக்கணக்காகவே காட்டினார். பிறகு 23, 29, 31, 37 அடுக்குகளும் பகா எண் தரும் என்று அறிவித்தார். நான்கில் 31 மட்டும்தான் சரி. மற்ற மூன்றும் மேலே பார்த்தபடி உடைந்துவிட்டன.

1644இல் பிரெஞ்சுத் துறவி மரீன் மெர்சென் தன் பட்டியலில் 31ஐச் சேர்த்தார். அவர் பட்டியலிலும் 67, 257 இரண்டும் தவறு. 61, 89, 107 மூன்றும் விட்டுப்போயின. இத்தனைக்கும் இந்த வகை எண்களுக்கெல்லாம் அவர் பெயர்தான் நிலைத்தது. பட்டியல் தப்பாக இருந்தாலும் துணிந்து ஒன்றை எழுதி வைத்தால் முந்நூறு வருஷத்துக்கு மற்றவர்களுக்கு வேலை கொடுக்கலாம் போல.

ஐயத்துக்கு இடமில்லாமல் நிரூபித்தவர் லெயோன்ஹார்ட் ஆய்லர். 1772இல் பெர்னூலி குடும்பத்தவர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் இதைத் தெரிவித்தார். அப்போது ஆய்லருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது, பார்வையும் ஏறக்குறைய முழுதாகப் போயிருந்தது. அதன் பிறகு பல பத்தாண்டுகளுக்கு, உலகில் அறியப்பட்ட மிகப் பெரிய பகா எண் இதுதான்.

பார்வையில்லாத ஒருவர் இருநூறு கோடிக்கு மேற்பட்ட எண்ணை எப்படிச் சோதித்தார்?

ஓர் எண் பகா எண்ணா என்று பார்க்க அதன் வர்க்கமூலம் வரை உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். நம் எண்ணின் வர்க்கமூலம் 46340.95. அதுவரை ஏறக்குறைய 4,800 பகா எண்கள் உண்டு. ஒவ்வொன்றாலும் கையால் வகுப்பது நடக்காத காரியமில்லை, ஆனால் யாரும் ஆசைப்பட்டுச் செய்யமாட்டார்கள். எந்தெந்த எண்களால் வகுக்கவே வேண்டாம் என்று முதலில் தீர்மானித்ததில்தான் ஆய்லரின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது.

2³¹ − 1ஐ வகுக்கும் பகா எண் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதைப் ‘ப’ என்போம். 2³¹ஐ ‘ப’வால் வகுத்தால் மீதி 1 வரவேண்டும். ஃபெர்மாவின் தேற்றப்படி, 2இன் (ப − 1)ஆம் அடுக்கை வகுத்தாலும் மீதி 1தான். 31 பகா எண் என்பதால் 2இன் அடுக்குகளில் மீதி 1 வருவது 31, 62, 93 என்று 31இன் மடங்குகளில் மட்டுமே. ஆகவே ப − 1 என்பதும் 31இன் மடங்கு. ‘ப’ ஒற்றை எண், அதனால் ப − 1 இரட்டை எண்ணும்கூட. இரண்டையும் சேர்த்தால், ‘ப’ என்பது 62இன் ஏதோ ஒரு மடங்கோடு 1ஐக் கூட்டிய எண்ணாகத்தான் இருக்க முடியும். 63, 125, 187, 249 என்று போகும் வரிசை அது.

இன்னொரு சல்லடையும் உண்டு. மீதி 1 வரும் 2³¹ஐ இன்னொரு 2ஆல் பெருக்கினால் 2³², அதற்கு மீதி 2. ஆனால் 2³² என்பது 65536இன் வர்க்கம். அப்படியென்றால் ‘ப’வின் கணக்கில் 2 ஒரு வர்க்க எண்ணாகிறது. இது நடக்க வேண்டுமானால் ‘ப’வை 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வந்தாக வேண்டும். இந்த 65536ஐ நினைவில் வையுங்கள், மறுபடி வரும்.

இரண்டு சல்லடையிலும் சலித்தால் மிஞ்சுபவை இரண்டே வகை: 248இன் மடங்கோடு 1 சேர்ந்தவை, 248இன் மடங்கோடு 63 சேர்ந்தவை. 46,340 வரை அப்படிப்பட்டவை 370க்குச் சற்று மேல். அவற்றிலும் பல பார்த்த மாத்திரத்திலேயே விழுந்துவிடும். 63 பகு எண். 249 = 3 × 83. அடுத்த 311 பகா எண், ஆகவே வகுத்துத்தான் ஆகவேண்டும்: ஈவு 6905092, மீதி 35. தப்பியது. அப்புறம் 497 = 7 × 71, 559 = 13 × 43, 745 ஐந்தில் முடிகிறது, 807, 993 இரண்டும் 3ஆல் வகுபடும், 1055 மறுபடி ஐந்து, 1241 = 17 × 73. அடுத்து நிஜமாக வகுக்க வேண்டியது 1303: ஈவு 1648107, மீதி 226. ஆக 1,303 வரை வந்ததற்கு இரண்டே இரண்டு வகுத்தல். இப்படியே 46,340 வரை போனால் எங்கும் மீதி 0 வராது.

ஒரு நோட்டும் பொறுமையும் இருந்தால் ஒரு நீண்ட விடுமுறையில் நீங்களே செய்துவிடலாம். பள்ளி ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால், வகுப்பில் ஆளுக்குக் கொஞ்சம் பிரித்துக் கொடுத்துப் பாருங்கள்.

வகுக்காமலே சோதிக்க வழி உண்டா?

உண்டு. ஆய்லர் செய்ததைவிட இது அழகானது என்பது என் எண்ணம். 19ஆம் நூற்றாண்டில் பிரான்சின் எட்வார் லூக்கா தொடங்கி வைத்து, 1930இல் அமெரிக்கக் கணிதவியலாளர் லேமர் சீர்ப்படுத்திய சோதனை.

4இல் தொடங்குங்கள். வர்க்கம் எடுத்து 2ஐக் கழியுங்கள்: 14. மறுபடி அதையே செய்யுங்கள்: 194. மறுபடி: 37634. மறுபடி: 1416317954. இதுவரை நம் எண்ணைத் தாண்டவில்லை. இனிமேல் தாண்டும், அப்போது ஒவ்வொரு முறையும் 2147483647ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். மொத்தம் 29 படிகள் (அடுக்கு 31, அதில் 2 குறைவு). கடைசியில் 0 வந்தால் பகா எண், வராவிட்டால் பகு எண்.

28ஆம் படியில் கையில் இருப்பது 65536. சற்றுமுன் பார்த்த அதே ஆள். அதன் வர்க்கம் 4294967296. 2ஐக் கழித்தால் 4294967294. அது 2147483647இன் சரியாக இரண்டு மடங்கு. மீதி 0, கதை முடிந்தது.

மீதி காண்பதற்கும் இங்கே நீள்வகுத்தல் தேவையில்லை. 9ஆல் வகுத்தால் வரும் மீதியை, இலக்கங்களைக் கூட்டியே கண்டுபிடிப்போம் அல்லவா? பத்தடிமானத்துக்கு 9 எப்படியோ, 2³¹ அடிமானத்துக்கு நம் எண் அப்படி. 4294967294ஐ 2³¹ஆல் பிரித்தால் ஒரு முழுப் பங்கும் 2147483646 உதிரியும். 1 + 2147483646 = 2147483647, அதாவது மீதி பூஜ்யம். கணினிக்கு இது சில பிட்டுகளை நகர்த்திக் கூட்டும் வேலை மட்டுமே. இன்றைக்குக் கோடிக்கணக்கான இலக்கம் கொண்ட மெர்சென் எண்களைச் சோதிக்க முடிவதற்கு இந்த வசதி ஒரு முக்கியக் காரணம்.

நிறைவெண் என்று ஏதோ தொடர்பு சொல்கிறார்களே?

தன்னைவிடச் சிறிய வகுஎண்களையெல்லாம் கூட்டினால் தானே வரும் எண் நிறைவெண். 6 = 1 + 2 + 3. 28 = 1 + 2 + 4 + 7 + 14. ஒவ்வொரு மெர்சென் பகா எண்ணும் ஒரு நிறைவெண்ணைத் தரும் என்று யூக்ளிட் காட்டினார். இரட்டை நிறைவெண்கள் அத்தனையும் இந்த வழியில் வந்தவையே என்று ஆய்லர் காட்டினார். 2147483647ஐ 2³⁰ஆல் பெருக்கினால் எட்டாவது நிறைவெண்: 2305843008139952128.

இதைப் பற்றி ஆங்கிலேயக் கணிதவியலாளர் பீட்டர் பார்லோ 1811இல் எழுதியதுதான் வேடிக்கை. இதுவரை கண்டதில் பெரியது இது, இனி யாரும் இதைவிடப் பெரியதைக் கண்டுபிடிக்கப் போவதுமில்லை, இவையெல்லாம் விநோதத்துக்குத்தானே தவிர எந்தப் பயனும் இல்லாதவை, யார் மெனக்கெடுவார்கள் என்ற பொருளில் எழுதிவிட்டார். 1876இல் லூக்கா 2¹²⁷ − 1 பகா எண் என்று காட்டினார், அதற்கு 39 இலக்கங்கள். 1883இல் ரஷ்யாவின் பெர்வூஷின், மெர்சென் விட்டுவிட்ட 2⁶¹ − 1ஐப் பிடித்தார். பயன் இல்லாத வேலைக்கு மனிதர்களிடம் எவ்வளவு நேரம் இருக்கும் என்பதைப் பார்லோ குறைத்து மதிப்பிட்டுவிட்டார்.

‘இரட்டை மெர்சென்’ என்றால் என்ன?

31 தானே ஒரு மெர்சென் பகா எண் (2⁵ − 1). அதை அடுக்காக வைத்துக் கிடைத்த எண்ணும் பகா எண்ணாக அமைந்தது. இப்படி அமைந்தவை இதுவரை தெரிந்தவரை நான்குதான்: 7, 127, 2147483647, அப்புறம் 2¹²⁷ − 1.

அடுத்த ஆசை இயல்பாக வரும். 2147483647ஐயே அடுக்காகப் போட்டு ஒன்றைக் கழித்தால்? அந்த எண்ணுக்கு 64 கோடியே 64 இலட்சத்துக்கும் மேல் இலக்கங்கள். எழுதி முடிக்க முடியாத அந்த எண் பகா எண் இல்லை என்று மட்டும் தெரியும், 295257526626031 அதை வகுக்கிறது. ஆய்லரின் விதி இங்கேயும் பிசகவில்லை: இந்த வகுஎண்ணில் ஒன்றைக் கழித்தால் அது 2147483647இன் 1,37,490 மடங்கு.

சரி, கணினிக்கு வருவோம். இந்த எண் ஏன் எல்லையாக நிற்கிறது?

பல புரோகிராமிங் மொழிகளில் சாதாரண முழு எண்ணுக்கு (‘இன்ட்’ என்று எழுதுவார்களே, அதற்கு) 32 பிட் இடம் ஒதுக்குவார்கள். நேர் எண்ணா எதிர் எண்ணா என்று காட்ட ஒரு பிட் போய்விடும். மீதி 31. அந்த 31இலும் ஒன்றுகளை நிரப்பினால் கிடைக்கும் மிகப் பெரிய மதிப்பு 2147483647. எதிர்ப்பக்கத்தில் எல்லை −2147483648, ஒன்று கூடுதல். ஏனென்றால் பூஜ்யம் நேர்ப்பக்கத்தில் ஓரிடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

எல்லையில் நின்று ஒன்றைக் கூட்டினால் ஜாவா போன்ற மொழிகளில் சட்டென்று −2147483648க்குத் தாவிவிடும். சி மொழியில் என்ன நடக்கும் என்பதற்கு உத்தரவாதமே கிடையாது. பைத்தானில் இந்தக் கவலை இல்லை, அதில் முழு எண் எவ்வளவு வேண்டுமானாலும் வளரும். ஓவர்ஃப்ளோ என்று சொல்வது இந்தத் தாவலைத்தான். கவனமாக எழுதிய கேம்களில் தாவாமல் எல்லையிலேயே நிறுத்தி வைத்திருப்பார்கள், காசு ஏறாமல் நிற்பது அதனால்தான்.

பகா எண் என்பதால்தான் இதை எல்லையாக வைத்தார்களா?

இல்லவே இல்லை. முழுக்க முழுக்கத் தற்செயல். 8 பிட்டில் எல்லை 127, பகா எண். 16 பிட்டில் 32767, அது 7 × 31 × 151. 64 பிட்டில் 9223372036854775807, அது 7ஆல் இரண்டு முறை வகுபடும். 15உம் 63உம் பகு எண்கள், 7உம் 31உம் பகா எண்கள், அவ்வளவுதான் விஷயம். ‘பகா எண்ணாக இருந்தால் ஓவர்ஃப்ளோவைப் பிடிப்பது எளிது’ என்றெல்லாம் யாராவது விளக்கம் சொன்னால் நம்ப வேண்டாம்.

2038இல் உண்மையில் என்ன நடக்கும்?

யுனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் வழி வந்த கணினிகள் நேரத்தை 1970 ஜனவரி 1 முதல் கடந்த வினாடிகளாக எண்ணும். அந்த எண்ணிக்கையை 32 பிட்டில் வைத்திருந்தால், 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 வினாடிக்கு அது 2147483647ஐத் தொடும். (இலங்கையிலும் இதே நேரம்.) அடுத்த வினாடி எண்ணிக்கை எதிர்மறையாகி, கடிகாரம் 1901 டிசம்பருக்குப் போய்விடும்.

உங்கள் போனும் லேப்டாப்பும் பெரும்பாலும் 64 பிட்டுக்கு மாறிவிட்டன. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலும் 2020இல் வந்த 5.6ஆம் பதிப்பிலிருந்து 32 பிட் சாதனங்களில்கூட 2038ஐத் தாண்டி இயங்க ஏற்பாடு செய்துவிட்டது. சிக்கல், யாரும் திரும்பிப் பார்க்காத இடங்களில்தான்: பழைய கட்டுப்பாட்டுப் பெட்டிகள், அப்டேட் ஆகாத சாதனங்கள், ‘டைம்ஸ்டாம்ப்’ வகைப் பத்தி வைத்த பழைய மைஎஸ்க்யூஎல் (டேட்டாபேஸ் மென்பொருள்) அட்டவணைகள். 2038 வரை ஏன் காத்திருக்க வேண்டும் என்றும் ஒரு கேள்வி உண்டு. இருபது வருஷ வீட்டுக்கடனுக்கு முடிவுத் தேதி கணக்கிடும் புரோகிராமுக்கு 2038 வந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டன.

யூடியூபில் பார்வைகளைக் கணக்கிடும் எண்ணியே (கவுண்டர்) உடைந்துபோனதாமே?

தென்கொரியப் பாடகர் சையின் ‘கங்னம் ஸ்டைல்’ 2014 டிசம்பரில் 2147483647 பார்வைகளைத் தாண்டியபோது கிளம்பிய கதை. உடையவில்லை. இது வரப்போகிறது என்று முன்கூட்டியே கண்டு 64 பிட்டுக்கு மாற்றிவிட்டதாக நிறுவனம் பிறகு சொன்னது.

எங்கள் டேட்டாபேஸில் எல்லாருடைய மொபைல் எண்ணும் 2147483647 என்று இருக்கிறது. ஹேக் செய்துவிட்டார்களா?

யாரும் ஹேக் செய்யவில்லை. மொபைல் எண் பத்தியை ‘இன்ட்’ என்று வைத்தவரைத் தேடுங்கள். இந்திய மொபைல் எண்கள் பத்து இலக்கம், 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்றில் தொடங்குபவை. ஒவ்வொன்றும் 2147483647ஐவிடப் பெரியது. மைஎஸ்க்யூஎல் கண்டிப்பு முறையில் ஓடாதபோது, இடம் கொள்ளாத எண்ணை மறுக்காமல், கொள்ளும் மிகப் பெரிய எண்ணாக மாற்றிப் பதிந்துவிடும். சென்னையின் 44இல் தொடங்கும் தரைவழி எண்களுக்கும் இதே கதிதான். இலங்கை மொபைல் எண்ணை முன்னால் உள்ள பூஜ்யம் இல்லாமல் எழுதினால் ஒன்பது இலக்கம், ஆகவே அது தப்பித்துவிடும். 94 சேர்த்து எழுதினால் அதுவும் மாட்டிக்கொள்ளும்.

அமெரிக்காவில் இது இன்னும் கூத்து. 214 என்பது அங்கே டாலஸ் நகரத்தின் குறியீடு. அதனால் தப்பான பதிவுகளெல்லாம் ஒரு நிஜமான டாலஸ் எண் போலவே காட்சியளிக்கும்.

தீர்வு எளிது. போன் நம்பரைக் கூட்டவோ பெருக்கவோ போவதில்லை, எழுத்துச் சரமாக வையுங்கள். ஏற்கெனவே பதிவானவற்றை மீட்க முடியாது, மறுபடி கேட்டுத்தான் வாங்கவேண்டும். பணத்தைப் பைசாவாக மாற்றி ‘இன்ட்’டில் வைப்பவர்களும் கவனியுங்கள்: உங்கள் உச்சவரம்பு 2 கோடியே 14 இலட்சத்து 74 ஆயிரத்து 836 ரூபாய் 47 பைசா. சென்னையில் ஒரு வீட்டு விலையிலேயே தாண்டிவிடும்.

விமானம் ஒன்றும் இதில் மாட்டியதாகப் படித்தேன், உண்மையா?

2015இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் போயிங் 787 பற்றி ஓர் ஆணை வெளியிட்டது. மின்சாரம் நிறுத்தப்படாமல் தொடர்ந்து 248 நாள் ஓடினால், மின்னாக்கிகளைக் கட்டுப்படுத்தும் கருவிகளில் உள்ள எண்ணி நிரம்பி வழிந்து, எல்லா மின்னாக்கிகளும் ஒரே நேரத்தில் நின்றுவிடக்கூடும் என்பது அதன் சாரம். இடையிடையே மின்சாரத்தை நிறுத்தி இயக்கச் சொன்னார்கள். ஏன் 248? வினாடியின் நூறில் ஒரு பங்காக எண்ணினால் 2147483647ஐ எட்ட 248.55 நாள் ஆகும். கணக்கு பொருந்துகிறது.

ஆய்லரின் வகுஎண் வரிசையில் வந்ததும் 248தான். அது 8 × 31. இந்த ஒற்றுமைக்கு எந்த அர்த்தமும் கிடையாது, ரசிக்க மட்டும்.

அப்படியானால் அது பகா எண்ணாக இருப்பதால் கணினிக்கு ஒரு பயனும் இல்லையா?

ஒரே ஓரிடத்தில் உண்டு, அதுவும் அருமையான இடம்: தற்போக்கு எண்களை உருவாக்குவது, அதாவது ரேண்டம் நம்பர். ஓர் எண்ணை எடுத்து, நிலையான ஒரு பெருக்கியால் பெருக்கி, இன்னொரு நிலையான எண்ணால் வகுத்து மீதியை எடு, அதையே மறுபடி பெருக்கு. 1951இல் வெளியான கட்டுரையில் இந்த முறையைச் சொன்னவரும் மேலே பார்த்த அதே லேமர்தான்.

எதால் வகுப்பது? 2³¹ஆல் வகுப்பது கணினிக்குச் சுலபம், மேலே உள்ள பிட்டுகளை வெட்டி எறிந்தால் போதும். ஐபிஎம் கணினிகளில் ஒரு காலத்தில் பரவலாக இருந்த ‘ராண்டு’ அப்படித்தான் செய்தது: பெருக்கி 65539, வகுப்பது 2³¹ஆல். விளைவு படுமோசம். ஒற்றை எண்ணில் தொடங்கினால் வருவதெல்லாம் ஒற்றை எண்களே. அதைவிட மோசம், அடுத்தடுத்த மூன்று எண்களை எடுத்து முப்பரிமாணத்தில் புள்ளி வைத்தால், எல்லாப் புள்ளிகளும் வெறும் 15 தளங்களில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. எந்த எண்ணையும் அதற்கு முந்தைய இரண்டிலிருந்து சொல்லிவிடலாம்: முந்தையதை 6ஆல் பெருக்கி, அதற்கும் முந்தையதன் 9 மடங்கைக் கழித்தால் போதும். தற்போக்கு என்று சொல்லவே கூச வேண்டும்.

ஒன்றே ஒன்றைக் குறைத்து 2³¹ − 1ஆல் வகுத்தால் நிலைமை மாறிவிடுகிறது. பகா எண் என்பதால், பெருக்கியைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் 1 முதல் 2147483646 வரை உள்ள ஒவ்வோர் எண்ணும் ஒரே ஒருமுறை வந்த பிறகுதான் வரிசை திரும்பும். பிட் கணக்கிலும் 31க்குள் அடங்கும், மீதி காண்பதும் சுலபம். பார்க், மில்லர் இருவரும் 1988இல் எழுதிய கட்டுரையில் 16807ஐ, அதாவது 7⁵ஐ, பெருக்கியாக வைத்து, இதைக் குறைந்தபட்சத் தரம் என்று முன்வைத்தார்கள். பின்னால் 48271 இன்னும் நல்லது என்றார்கள். இரண்டுமே இன்றும் சி++ மொழியின் நூலகத்தில் இருக்கின்றன.

நீங்களே எழுதிப் பார்ப்பதென்றால்: 1இல் தொடங்கினால் அடுத்து 16807, பிறகு 282475249, பிறகு 1622650073. பத்தாயிரம் முறை சுற்றிய பிறகு 1043618065 வரவேண்டும். வராவிட்டால் எங்கோ ஓவர்ஃப்ளோ ஆகியிருக்கிறது, பெருக்கலை 64 பிட்டில் செய்யுங்கள். பாஸ்வேர்டு, ரகசியக் குறியீடு போன்றவற்றுக்கு மட்டும் இதைப் பயன்படுத்தாதீர்கள். ஓர் எண் தெரிந்தாலே அடுத்தது தெரிந்துவிடும்.

அக்கம்பக்கத்து எண்களுக்கு ஏதாவது சிறப்பு?

ஒன்று குறைவான 2147483646 = 2 × 3² × 7 × 11 × 31 × 151 × 331. பார்க்கச் சாதாரணமாக இருந்தாலும், 16807 முழுச் சுற்று வருமா என்று சோதிக்க இந்தக் காரணிகள்தான் வேண்டும். ஒன்று கூடுதலான 2147483648 வெறும் இரண்டுகளின் பெருக்கல். இரண்டு கூடுதலான 2147483649 = 3 × 715827883, அந்த 715827883உம் ஒரு பகா எண். எல்லையைத் தாண்டும் முதல் முழு வர்க்கம் 46341இனுடையது, 2147488281. அது நம் எண்ணைவிட 4634 அதிகம்.